நூற்றுப் பதினெட்டும் டி டிரைவும்

பேராக் பழந்தோட்ட ஆவண மீட்பு வாரியத்தில் இருபத்து மூன்று ஊழியர்களும் ஒரு பழைய கணினியும் உண்டு. இவர்களில் தினமும் தவறாமல் தன் இடத்தில் இருப்பது கணினி மட்டும்தான்.

ஈப்போவில் ஒரு டயர் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் வாரியம் இயங்கி வருகிறது. 'இயங்கி வருகிறது' என்பது வாரியம் தன் ஆண்டறிக்கையில் தானே எழுதிக்கொண்டது. விற்றுப்போன ரப்பர்த் தோட்டங்களின் பழைய ஏடுகளைச் சேகரிப்பதும், கேட்டு வருகிறவர்களுக்கு நகல் கொடுப்பதும் அதன் வேலை. சேகரிக்கும் வேலை 1997லேயே முடிந்துவிட்டது. எந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் யார் எப்போது பிறந்தார்கள் என்ற விவரம் அத்தனையையும் தட்டச்சு செய்து ஒரே ஒரு சிடியில் ஏற்றினார்கள். அதன்பிறகு ஏடுகளை மாடிப்படிக்குக் கீழே அடுக்கி வைத்தார்கள். கரையான் வந்து தின்றது. வாரியத்திடம் மனு எழுதிக் கொடுக்காமல் அந்த ஏடுகளைப் பெற்றுக்கொண்டது கரையான் மட்டுமே.

மிச்சமிருப்பது அந்தச் சிடி. அதைப் படிக்கும் நிரலோ பழைய டாஸ் கணினியில்தான் ஓடும். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மவுஸ் கிடையாது. எல்லாவற்றையும் எழுத்தில் தட்டிச் சொல்ல வேண்டும். அந்தக் கணினிக்குத் தன் வயிற்றிலேயே ஒரு சிடி டிரைவ் இருக்கிறது என்பது மூன்று வருடங்களாகத் தெரியவில்லை.

இதில் மாட்டிக்கொண்டவர் மங்களம். அவர் ஈப்போவின் சிலிபின் பகுதியில் ஒரு மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் உணவுக் கடையில், காய்கறி நறுக்குகிறவர். வயது அறுபத்து நான்கு. பத்து காஜா என்ற ஊருக்குப் போகும் வழியில், ஊசிமலைத் தோட்டம் என்று ஒன்று இருந்தது. அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் 1961ல் பிறந்தார். அப்பா பிறப்பைப் பதியவில்லை. தோட்டத்து எழுத்தரான கிராணி ஆஸ்பத்திரி ஏட்டில் எழுதிக்கொண்டதோடு சரி. ஆகவே மங்களத்தின் அடையாளக் கார்டு இன்றும் சிவப்பு. இந்த மண்ணை விட்டு ஒருநாளும் வெளியே போகாத அவர், காகிதப்படி வெளியாள். ஓட்டு இல்லை. குடிமக்களுக்கான முதியோர் உதவி இல்லை.

குடிமக்களுக்குரிய நீலக் கார்டுக்கு மூன்று முறை மனுப் போட்டு மூன்று முறையும் 'பிறந்த ஆதாரம் இல்லை' என்று திரும்பி வந்தது. நான்காவது முறை நேர்காணலுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள், பதினேழாம் தேதி. ஆஸ்பத்திரி ஏட்டின் பக்கத்தைக் கொண்டுவந்தால் பேசலாம், இல்லையென்றால் கோப்பு மூடப்படும் என்று கடிதத்தில் இருந்தது.

வாரியத்தில் மங்களம் மனுக் கொடுத்து மூன்று வருடமாகிறது. மனுவை வாங்கிய அன்றே ஓர் உறையில் போட்டு, அரக்கு வைத்து, மேலே 118 என்று எழுதினார்கள். அந்த நிமிடத்திலிருந்து வாரியத்தில் அவர் பெயர் நூற்றுப் பதினெட்டு. உறையைத் திறந்து உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க 'மனு வாசிப்புப் பிரிவு' என்று ஒன்று வேண்டும். அதற்கு ஆள் எடுப்பதற்கான விளம்பர வாசகம் தயாராகி வருகிறது.

"என்னா நூத்திப் பதினெட்டு, மறுபடியுமா?" என்பார் கவுண்டரில் இருக்கும் ஆள். "டிரைவ் இன்னும் எந்திரிக்கல. அடுத்த மாசம் வாங்க."

மங்களம் அடுத்த மாதம் போவார். இப்படி முப்பத்து நான்கு தடவை.

பத்தாம் தேதி காலை, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் வெங்காயத்துக்குச் சம்பந்தமில்லாமல் அழுததைக் கடை முதலாளி ஷரபுதீன் பார்த்துவிட்டார்.

"என்னாக்கா?"

"அந்த மெசினு எந்திரிக்கலயாம் பாய். ஏழு நாளுதான் இருக்கு."

"எந்த மெசினு?"

மங்களம் சொன்னார். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, சிடி போடுகிற டிரைவ் தெரியவில்லை. ஷரபுதீன் கையிலிருந்த தே தாரேக் தேநீர்க் கிளாஸை அப்படியே மேஜையில் வைத்தார். அவர் மாமனாரின் ரொட்டிக் கடையை ஏற்றுக்கொள்ளும் முன்பு, தொண்ணூறுகளில், இதே ஈப்போவில் கணினிக் கடை வைத்திருந்தவர். டாஸ் கணினியில் சிடி டிரைவை எழுப்பிக் கொடுப்பதுதான் அந்தக் காலத்தில் அவருக்குச் சோறு போட்ட வேலை.

"அக்கா, அது ரெண்டு வரி வேலை. அஞ்சு நிமிசம்."

"மூணு வருசமாப் பாக்குறாங்க பாய்."

"அப்ப அவனுங்க வேற ஏதோ பாக்குறானுங்க. வாங்க, போலாம்."

*

கணினி அறைக்கு முன்னால் 'காலணியைக் கழற்றவும்' என்று பலகை. இருவரும் கழற்றினார்கள். உள்ளே பன்னீர் வாசனை. கணினிக்குப் பொன்னாடை போர்த்தியிருந்தார்கள். நெற்றியில், அதாவது சிடி டிரைவின் முகத்தில், சந்தனமும் குங்குமமும் பல பூசைகளாக அப்பி, திறக்கும் பொத்தான் எங்கே என்று தெரியாதபடி காய்ந்திருந்தன. பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழம். அதற்கும் பக்கத்தில் புள்ளி எழுத்து அடிக்கும் பழைய பிரிண்டர், அதில் கட்டுக் காகிதம். ஒவ்வொரு தாளின் அடியிலும் வாரியத்தின் சாப்பு முத்திரையும் தலைவரின் கையெழுத்தும் ஏற்கனவே இருந்தன.

"வெறும் தாளுல எதுக்கு சாப்பு?" என்று கேட்டார் ஷரபுதீன்.

"தலைவர் டத்தோ வருசத்துக்கு ஒருநாள்தான் வருவாரு," என்றார் அமைப்புப் பிரிவின் தலைவி விமலா. "அன்னைக்கே ஐந்நூறு தாளுல போட்டுடுவாரு. சேவை தாமதமாகக் கூடாதுல்ல?"

விமலா கணினியை முடுக்கினார். எழுத்துகள் ஓடின. கடைசியில் ஒரு வரி நின்றது. 'டத்தோகார்' என்ற பெயரில் டிரைவ் எதுவும் காணவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னது.

"பாத்தீங்களா," என்றார் விமலா, நோயாளியின் நாக்கை நீட்டச் சொல்லிக் காட்டும் டாக்டர் போல. "தினமும் இதேதான்."

"உங்க கான்ஃபிக் ஃபைலைக் கொஞ்சம் காட்டுங்கம்மா."

விமலா சுவரைக் காட்டினார். கான்ஃபிக் கோப்பில் டிரைவுக்கு உரிய வரி அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள் மாலையோடு தொங்கியது. டிரைவுக்கு அதில் சூட்டியிருந்த பெயர் 'டத்தோஜெ'.

"நம்ம தலைவர் டத்தோ ஜெயபாலன் பதவிக்கு வந்தப்ப வெச்ச பேரு," என்றார் விமலா. "மூணு வருசத்துக்கு முந்தி. இங்கிலீசுல எட்டு எழுத்துக்கு மேல கொள்ளாதுன்னு கம்ப்யூட்டர் அடம் பிடிச்சுச்சு. அதுக்கு மேலிடத்துல பேசிக்கிட்டு இருக்கோம்."

"எந்த மேலிடம்?"

"கம்ப்யூட்டருக்கு மேலிடம்."

ஷரபுதீன் அதைக் கடந்து போனார். "சரி, ஆட்டோஎக்ஸெக் ஃபைலு?"

விமலா எழுந்து தன் விசைப்பலகையைக் கணினியிலிருந்து பிடுங்கி, அலமாரியில் வைத்துப் பூட்டினார். "அது எதிர்ப் பக்கம். அதைப் பத்தி நான் பேசுறது முறையில்ல," என்று வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எதிர்ப் பக்கம் தொடக்கப் பிரிவு. அந்தப் பிரிவின் தலைவர் தர்மா. அவருக்கும் தனி அலமாரி, தனி விசைப்பலகை, தனி மாலை, தனிக் கண்ணாடிச் சட்டம். சட்டத்துக்குள் இருந்த வரி 'டத்தோகார்' என்ற டிரைவைத் தேடிப் பிடித்து 'டி' என்ற எழுத்தைக் கொடுக்கச் சொன்னது. டத்தோ கார்த்திகேசு முன்னாள் தலைவர். வாரியத்தை நிறுவியவர். லூமுட்டில் ஓய்வாக இருக்கிறார்.

ஷரபுதீன் ஒரு முறை இந்தச் சுவரையும் ஒரு முறை அந்தச் சுவரையும் பார்த்தார்.

"அக்கா, விசயம் இதுதான்," என்று மங்களத்திடம் திரும்பினார். "மெசினு எந்திரிச்சதும் ரெண்டு சீட்டுப் படிக்கும். மொத சீட்டு சொல்லுது, 'இங்க ஒரு ஆளு நிக்கிறான், பேரு கபீர்'னு. ரெண்டாவது சீட்டு கூப்பிடுது, 'அஸ்வான், வந்து வேலையப் பாரு'ன்னு. கபீர் வருவானா?"

"வரமாட்டான்."

"அவ்வளவுதான்லா. என்னா பேரு வேணா இருக்கட்டும், ரெண்டு சீட்டுலயும் ஒரே பேரா இருந்தாப் போதும். தர்மாண்ணே, உங்க வரியில பேரை மாத்திருங்க. அரை நிமிசம்."

தர்மா நாற்காலியில் நிமிர்ந்தார். "டத்தோ கார்த்திகேசு பேரை அழிக்கச் சொல்றீங்களா?"

"அப்ப விமலாம்மா மாத்தட்டும்."

"தலைவர் பேரையா?" கதவுக்கு அப்பால் இருந்து விமலாவின் குரல். முறைப்படி அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

"அந்தச் சிடியைக் குடுங்க, என் மகளோட மடிக்கணினியில போட்டு ஃபைலையாச்சும் எடுத்துப் பாக்குறேன்," என்றார் ஷரபுதீன்.

"சிடி அந்த டிரைவ விட்டு வெளிய வரக்கூடாது," என்றார் தர்மா. "பாதுகாப்பு விதி. வெளிக் காத்துப் பட்டா தகவல் கசிஞ்சிரும்."

மங்களம் முன்னால் வந்தார். "ஐயா, பதினேழாந் தேதி எனக்கு நேர்காணலு. அந்த ஒரு பக்கம் மட்டும் கெடச்சாப் போதும். யாரு பேரா இருந்தா என்னாங்கய்யா?"

தர்மா அவரைப் பரிவோடு பார்த்தார். "நூத்திப் பதினெட்டு, நீங்க சொந்தப் பிரச்சனையை மட்டும் பாக்குறீங்க. நாங்க சமுதாயத்தைப் பாக்கணும்."

*

வெளியாள் ஒருவன் வந்து 'இரண்டு வரி' என்று சொல்லிவிட்டுப் போனது வாரியத்துக்குள் அதிர்வை உண்டாக்கியது. பதினோராம் தேதியே அவசரக் கூட்டம் கூடி, 'பெயர் இணக்கக் குழு' அமைக்கப்பட்டது. பன்னிரண்டாம் தேதி குழு கூடி, குழுவின் பெயரில் இணக்கம் ஏற்படாமல் கலைந்தது. பதின்மூன்றாம் தேதி மறுபடி கூடி, டிரைவுக்குப் பொதுப் பெயர் சூட்ட மக்களிடையே போட்டி நடத்தலாம், முதல் பரிசு ஒரு ரைஸ் குக்கர் என்று முடிவெடுத்தது. அதற்குள் டத்தோ ஜெயபாலனின் பட்டம் உயர்ந்து அவர் டத்தோ ஸ்ரீ ஆகப் போவதாகச் செய்தி பரவியது. 'டத்தோ' போட்டதுமே பெயருக்கு இடமில்லாத எட்டு எழுத்துக்குள் 'ஸ்ரீ'யை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தது. கணினி செய்த நிறுவனத்துக்கு இதை எட்டிலிருந்து இருபதாக உயர்த்தித் தரும்படி கோரி ஒரு மகஜர் தயாரானது. அந்த நிறுவனம் மூடப்பட்டு இருபத்து ஐந்து வருடமாகிறது என்பதை யாரோ சொன்னார்கள். மகஜரில் அனுதாபம் தெரிவித்து ஒரு பத்தி சேர்க்கப்பட்டது.

இத்தனையும் நடந்ததைக் கொண்டாட, பதினைந்தாம் தேதி கீழே முதல் மாடியில் உள்ள மண்டபத்தில் 'டிரைவ் அங்கீகார முயற்சித் தொடக்க விழா'. டிரைவ் அங்கீகாரம் பெறவில்லை. முயற்சிதான் தொடங்குகிறது. டத்தோவே வருகிறார். இருநூறு பேருக்குச் சாப்பாடு.

சாப்பாட்டு ஆர்டர் ஷரபுதீன் கடைக்கு வந்தது. அவர் மற்ற கடைகளைவிடக் குறைவாக விலை சொல்லியிருந்தார். பிரியாணியில் நட்டம் வரும் என்று தெரிந்தே சொன்ன விலை.

"பாய், எதுக்கு இந்த சூசா, வீண் தொல்லை?" என்றார் மங்களம்.

"விழாவுக்கு எல்லாரும் கீழ இருப்பானுங்கக்கா. மேல யாரு இருப்பா?"

*

பதினைந்தாம் தேதி பத்து மணிக்கு நாதஸ்வரம், பத்தரைக்குக் குத்துவிளக்கு. பதினொரு மணிக்கு மேடைக்கு ஒரு தாம்பாளம் வந்தது. அதில் இரு பிரிவுகளின் இரண்டு விசைப்பலகைகளும் மாலையோடு அருகருகே கிடந்தன. நடுவில் சிடியின் பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே சிடி இல்லை. மூன்று வருடமாக அது டிரைவுக்குள்ளேயே இருக்கிறது. டத்தோ காலிப் பெட்டிக்குச் சந்தனம் வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கைதட்டல் எழுந்தது.

அறுபது வயதைக் கடந்த பெண்ணுக்குத் தர வேண்டிய மரியாதையோடு, நூற்றுப் பதினெட்டு என்ற எண்ணை அட்டையில் எழுதி மங்களத்தின் கழுத்தில் மாட்டி, 'பயனாளி' என்று மேடையில் ஐந்து நிமிடம் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். பிறகு, "அம்மா, பந்தியப் பாருங்க," என்று இறக்கிவிட்டார்கள்.

டத்தோ ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"அன்பார்ந்த பெரியோர்களே! சிலர் கேட்கிறார்கள், இந்த வாரியம் என்ன செய்தது என்று. இருபத்து எட்டு ஆண்டுகளாக இந்த வாரியத்திலிருந்து ஒரே ஓர் ஆவணம்கூடத் தொலைந்ததில்லை! ஏன்? எதையும் நாங்கள் வெளியே கொடுத்ததில்லை!"

கைதட்டல்.

"வெள்ளைக்காரத் துரை நம் மக்களைக் காக்க வைத்தான். அவனுக்கு நம் மொழி தெரியாது. நாங்கள் அப்படியல்ல. நம் மக்களை நம் மொழியிலேயே காக்க வைக்கிறோம்!"

இதற்கு முன்வரிசை எழுந்து நின்று தட்டியது.

ஷரபுதீன் கையில் 'நாசி பிரியாணி, மேல்மாடி' என்று எழுதிய பெரிய பிளாஸ்டிக் பையோடு படியேறினார். பின்னால் மங்களம். மேலே ஒருவரும் இல்லை. கணினி அறை வாசலில் மங்களம் நின்றார்.

"செருப்பக் கழட்டணுமே பாய்."

"கழட்டுங்க. அது மெசினுக்கு மரியாதை. அது ஒரு தப்பும் பண்ணல."

பையிலிருந்து பிரியாணிப் பொட்டலம் இரண்டும், அதற்கு அடியில் வட்ட முனை வைத்த பழைய விசைப்பலகை ஒன்றும் வந்தன. கணினிக் கடை மூடியபோது விற்காமல் தங்கிய கடைசிச் சரக்கு. ஷரபுதீன் அதைச் சொருகி, பொன்னாடையை விலக்கி, கணினியை முடுக்கினார். எழுத்துகள் ஓடி, அதே பழைய புலம்பல் வரியில் நின்றன.

அவர் விரல்கள் ரொட்டி வீசுகிற வேகத்தில் ஓடின. முதல் கோப்பு திறந்தது. 'டத்தோஜெ' தெரிந்தது. அழித்தார்.

"சொல்லுங்கக்கா. என்னா பேரு வெக்கலாம்? ஆங்கிலத்துல எட்டு எழுத்துக்குள்ள."

"எனக்கு என்னா தெரியும். யாரு பேராச்சும் வைங்க பாய், சீக்கிரம்."

ஷரபுதீன் ஒரு நிமிடம் யோசித்தார். விரல் விட்டு எண்ணினார். "எம், ஏ, என், ஜி, ஏ, எல், ஏ, எம். அட, எட்டே எட்டு. வெட்டவே வேணாம்."

"என்னா பாய் எண்ணுறீங்க?"

அவர் பதில் சொல்லாமல் தட்டினார். இரண்டாவது கோப்பு திறந்தது. 'டத்தோகார்' அழிந்தது. அங்கேயும் அதே எட்டு எழுத்து. சேமித்தார். மூன்று விசைகளை ஒன்றாக அழுத்தினார். கணினி ஒருமுறை செத்துப் பிழைத்தது.

கீழே டத்தோவின் குரல் ஒலிபெருக்கியில் அதிர்ந்தது. "அவசரப்படாதீர்கள்! அவசரப்பட்டவன் எவனும் இந்த வாரியத்தில் பதவி உயர்வு பெற்றதில்லை!"

சந்தனம் அப்பிய டிரைவுக்குள் ஏதோ முனகியது. பச்சை விளக்கு ஒன்று காய்ந்த குங்குமத்துக்குப் பின்னாலிருந்து மினுக்கியது. திரையில் ஒரு வரி வந்தது. ஷரபுதீன் அதை விரலால் தொட்டுக் காட்டிப் படித்தார்.

"டி டிரைவ். பேரு, மங்களம்."

மங்களம் திரைக்கு அருகே குனிந்தார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனால் சிவப்புக் கார்டில் நாற்பது வருடமாகப் பார்த்துப் பழகிய அந்த எட்டு எழுத்து மட்டும் தெரியும்.

"என் பேரு ஏன் பாய் அங்க வந்துச்சு?"

"அங்க யாராச்சும் ஒருத்தர் பேரு வேணுமாம். நீங்கதான முப்பத்து நாலு தடவ வந்தீங்க."

நிரலைத் திறந்தார். ஊசிமலைத் தோட்டம், ஆஸ்பத்திரி, 1961. எழுத்துகள் மெதுவாக வரிசை கட்டின. ஆகஸ்டு மாதம் எட்டாம் தேதி. தாய் அஞ்சலை, பால்மரம் வெட்டுபவர். தகப்பன் வீராசாமி. வீடு ஏழாம் லயம். பெண். பெயர் மங்களம். எடை நான்கரை ராத்தல்.

ஷரபுதீன் கடைசி வரிவரை படித்துச் சொன்னார். "ரொம்ப எளச்ச பிள்ளையா இருந்திருக்கேன் பாய்," என்றார் மங்களம். "அம்மா சொன்னதே இல்ல."

பிரிண்டர் கத்த ஆரம்பித்தது. தகரத்தைக் கிழிப்பது போன்ற சத்தம். மங்களம் பயந்து கதவைப் பார்த்தார். அதே நேரம் கீழே டத்தோ சபதம் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் எந்தச் சத்தமும் கேட்காது.

தாள் வெளியே வந்தது. அடியில் சாப்பு. சாப்புக்கு மேல் டத்தோ ஜெயபாலனின் கையெழுத்து. சேவை தாமதமாகக் கூடாது என்று அவர் முன்கூட்டியே போட்டு வைத்தது.

"பேரை மறுபடி மாத்திடவாக்கா? பிரச்சனை வரப்போவுது."

மங்களம் தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டார். திரையை இன்னொரு முறை பார்த்தார்.

"இருக்கட்டும் பாய்," என்றார். "மூணு வருசமா நம்பருலதான இருந்தேன்."

இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். டத்தோ முடித்துக்கொண்டிருந்தார். "இன்னும் ஐந்தே ஆண்டுகளில் அந்த டிரைவ் கண் திறக்கும் என்று உறுதி கூறுகிறேன்!" மண்டபம் அதிர்ந்தது. பந்திக்குத் திரும்பியிருந்த மங்களமும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மரியாதைக்கு இரண்டு தட்டுத் தட்டினார்.

*

பதினேழாம் தேதி நேர்காணல் அதிகாரி அந்தத் தாளை இருபுறமும் பார்த்தார். சாப்பைப் பார்த்தார். நான்கு கேள்வி கேட்டார். ஆதாரம் பெறப்பட்டது, கோப்பு மேல் முடிவுக்கு அனுப்பப்படுகிறது என்று ரசீது கொடுத்தார். பன்னிரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்ட மங்களம், ஏதோ தவறு நடந்துவிட்டது என்று நினைத்து அரை மணி நேரம் வாசலிலேயே நின்றார்.

வாரியத்தில் நிலைமை வேறு. நேர்காணலுக்கு முதல் நாள், பதினாறாம் தேதி காலை, விமலா கணினியை முடுக்கியபோது டிரைவ் தெரிந்தது. அவர் போட்ட கூச்சலில் தர்மா ஓடி வந்தார். மூன்று வருடத்தில் முதன்முறையாக இருவரும் ஒரே திரையை ஒன்றாகப் பார்த்தார்கள். டிரைவ் வேலை செய்தது. நிரல் திறந்தது. எந்தத் தோட்டத்து எந்தப் பிறப்பை வேண்டுமானாலும் எடுக்கலாம். இருவர் முகத்திலும் இரத்தம் இல்லை.

"மனு எத்தனை பாக்கி?" என்றார் தர்மா மெல்ல.

"நானூத்திப் பன்னெண்டு."

"இது வேலை செய்யுதுன்னு வெளிய தெரிஞ்சா?"

அன்று பதினொரு மணிக்குள் ஒரு பிரிவு தன் வரியில் 'டத்தோஜெ' என்றும், மறு பிரிவு தன் வரியில் 'டத்தோகார்' என்றும் பழையபடி எழுதிவிட்டன. டிரைவ் மறைந்தது. வாரியம் மூச்சு விட்டது. இரு பிரிவுகளும் இவ்வளவு ஒற்றுமையாக வேலை செய்து யாரும் பார்த்ததில்லை.

மாலையில் டத்தோவே வந்தார். அவர் அடுத்தடுத்து இரண்டு நாள் வந்தது வரலாறு.

"தலைவரின் அனுமதி இல்லாமல் இந்த வாரியத்துக்குள் ஒரு வேலை நடந்திருக்கிறது," என்று கர்ஜித்தார். "இருபத்து எட்டு ஆண்டுகளில் இதுதான் முதல் முறை! யார் இந்த மங்களம்?"

யாருக்கும் தெரியவில்லை. விமலா அது கார்த்திகேசு ஆள் என்றார். தர்மா, ஜெயபாலன் அணியிலேயே பிளவு என்றார். லூமுட்டுக்குத் தொலைபேசி போனது. பாகான் டத்தோ என்ற ஊரின் கிளையில் ஒரு மங்களம் இருப்பதாகத் தகவல் வந்து, ஆள் அனுப்பி விசாரித்தார்கள். அவருக்கு எட்டு மாதக் கைக்குழந்தை இருந்தது, கணினி இல்லை. ஊழியர் பட்டியல், உறுப்பினர் பட்டியல், நன்கொடையாளர் பட்டியல் எல்லாவற்றிலும் தேடினார்கள். மனு உறைகளில் பார்க்கலாமே என்று ஒருவர் சொன்னார். உறையைத் திறக்க வாசிப்புப் பிரிவு வேண்டும் என்று நினைவூட்டினார்கள். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

கடைசியில், விழா அன்று மேல்மாடிக்குப் பிரியாணி போனதாக ஒருவர் சாட்சி சொன்னார். ஷரபுதீனையும் கூட வேலை பார்த்த பெண்ணையும் அழைத்து விசாரிக்க முடிவாயிற்று. ஷரபுதீன், "ரெண்டு பொட்டலம் வெச்சேன், எறங்கினேன்," என்று சொல்லி, பிரியாணிக்கு வர வேண்டிய பாக்கியைக் கேட்டார். அவரை உடனே அனுப்பிவிட்டார்கள்.

அடுத்து மங்களம் உள்ளே வந்தார். நீள மேஜைக்குப் பின்னால் டத்தோ, விமலா, தர்மா. மூவருக்கும் நடுவில் அந்தக் காலி சிடிப் பெட்டி.

"உக்காருங்க நூத்திப் பதினெட்டு," என்றார் விமலா. "பயப்படாதீங்க. உங்க மனு பரிசீலனையிலதான் இருக்கு."

"இருக்கட்டுங்கம்மா. அவசரமில்ல."

வாரியத்தின் இருபத்து எட்டு ஆண்டு வாழ்வில் எந்த மனுதாரரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. டத்தோ நெகிழ்ந்துபோனார். "பாருங்கள், இதுதான் பண்பாடு!" என்றார். பிறகு முன்னால் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, மூன்று வருடமாக இங்கே வந்து போகிறீர்கள். நாலு பேரைப் பார்த்திருப்பீர்கள். யோசித்துச் சொல்லுங்கள். மங்களம் என்று யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?"

மங்களம் மூன்று முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"தெரியாதுங்கய்யா," என்றார். "இங்க அப்படி யாரையும் யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்ல."